ஒரே படம், மூன்று தாள்: மேட் தாளில் மட்டும் கருப்பு ஏன் வெளுத்துப்போகிறது?

மழைக்காகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டுகிறேன். உங்கள் உதவி வேண்டும்.

படம் இதுதான்: மழையில் நனைந்த ஒரு காகம், பாசி பிடித்த மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் அந்தச் சாம்பல் நிறம், இறக்கையில் நீலமும் ஊதாவும் கலந்த மினுக்கம், அலகு நுனியில் விழப்போகும் ஒரு துளி. மானிட்டரில் பார்த்தால் வயிற்றுப் பக்கத்து நனைந்த இறகுகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம்.

மூன்று தாளில் அச்சிட்டேன். கிளாஸியில் (பளபளப்புத் தாள்) நன்றாக வந்தது, ஆனால் மொத்தப் படமும் கொஞ்சம் இருட்டு. லஸ்டரில் (மிதமான பளபளப்பு) இருட்டோடு சேர்ந்து கழுத்துச் சாம்பலில் ஒரு இளஞ்சிவப்புச் சாயல். பளபளப்பே இல்லாத பருத்தி மேட் தாளில்தான் மனசே விட்டுப்போனது. அதே இருட்டு, அதே இளஞ்சிவப்பு, போதாததற்குக் கருப்பு எல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல் வெளுத்து, வயிற்று இறகுகள் ஒரே திட்டாகிவிட்டன.

பிரிண்டர் பிக்மென்ட் மை வகை. லஸ்டருக்கும் மேட்டுக்கும் தாள் நிறுவனம் தரும் ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) இறக்கிப் போட்டிருக்கிறேன். மானிட்டரைக் கேலிபரேட் செய்யவில்லை (கருவியால் அளந்து சரிசெய்யவில்லை). எனக்கு அந்த மேட் தாளின் தொடு உணர்வு அவ்வளவு பிடித்திருக்கிறது. அதைக் கைவிட மனமில்லை.

---

சாம்பல்_18

முதல் கேள்வி: மானிட்டர் வெளிச்சம் எவ்வளவு? பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்தால் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கேண்டலா வரை இருக்கும் (திரை வெளிச்சத்தின் அலகு அது). அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால் எந்தத் தாளும் இருட்டாகத்தான் தெரியும். மூன்று தாளிலும் இருட்டு என்கிறீர்கள், அதனால் இருட்டுக்குக் காரணம் தாள் இல்லை. 80 முதல் 120 வரை இறக்குங்கள். அறை வெளிச்சம் மங்கலாக இருந்தால் 80 பக்கம், நல்ல வெளிச்சமான அறை என்றால் 120 பக்கம்.

கருவி இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை, நீங்கள் அச்சைப் பார்க்கும் விளக்கின்கீழ் மானிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். துல்லியம் கிடைக்காது, ஆனாலும் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

---

தாள்பித்தன்

சாம்பல் சொன்னது இருட்டுக்குச் சரி. இளஞ்சிவப்புக்கு வேறு காரணம் இருக்கவேண்டும். கிளாஸியில் அந்தச் சாயல் இல்லை, மற்ற இரண்டில் இருக்கிறது. கிளாஸியை எப்படி அச்சிட்டீர்கள்? அதற்கும் ப்ரொஃபைல் போட்டீர்களா?

---

மழைக்காகம்

இல்லை. கிளாஸியைச் சாதாரணமாக, நிறத்தைப் பிரிண்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற இரண்டுக்கும்தான் எடிட்டிங் மென்பொருளில் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) எதையும் தொடவில்லை.

---

தாள்பித்தன்

அங்கேதான் இருக்கிறது விஷயம். டிரைவரில் எதையும் தொடாமல் விட்டதுதான் காரணம். மென்பொருள் உங்கள் ப்ரொஃபைலை வைத்து நிறத்தை ஒருமுறை மாற்றி அனுப்புகிறது. டிரைவருக்கு அது தெரியாது. தன் பங்குக்கு இன்னொருமுறை மாற்றுகிறது. ஒரே சட்டையை இரண்டு தையல்காரர்கள் அளவெடுத்து இரண்டுமுறை பிடித்த கதை. இப்படி இரட்டைத் திருத்தம் நடந்தால் படத்தில் மெஜென்டா (அந்த இளஞ்சிவப்பு மை நிறம்) ஏறுவது அடிக்கடி பார்ப்பதுதான். நடுநிலைச் சாம்பலில் அது முதலில் முகம் காட்டும். உங்கள் காகத்தின் கழுத்து அதைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

மென்பொருள் நிறத்தைப் பார்த்துக்கொள்கிறது என்றால் டிரைவரின் கலர் மேனேஜ்மென்ட் ஆஃப் ஆகவேண்டும். ஒருவர் செய்தால் போதும், இருவரும் செய்யக்கூடாது. சில டிரைவர்களில் இந்த அமைப்பு இரண்டு மூன்று பக்கம் உள்ளே இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள்.

இன்னொரு கேள்வி. டிரைவரில் மீடியா டைப் (என்ன வகைத் தாள் என்று சொல்லும் அமைப்பு) என்ன வைத்தீர்கள்? மேட் தாளுக்கு?

---

மழைக்காகம்

லஸ்டருக்கு வைத்ததையே மேட்டுக்கும் விட்டுவிட்டேன். ப்ரொஃபைலை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். அதுவும் தப்பா?

---

தாள்பித்தன்

அதுதான் பெரிய தப்பு, ஆனால் நிறையப் பேர் செய்வதுதான். கவலைப்படாதீர்கள்.

உங்களுடையதுபோன்ற பிக்மென்ட் பிரிண்டரில் கருப்பு மை இரண்டு வகை. ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக். பளபளப்பான தாளுக்கு முதலாவது, மேட் தாளுக்கு இரண்டாவது. எதைப் பாய்ச்சுவது என்று பிரிண்டர் முடிவு செய்வது மீடியா டைப்பைப் பார்த்துத்தான். நீங்கள் லஸ்டர் என்று சொன்னதால் அது ஃபோட்டோ பிளாக்கைப் பருத்தித் தாளில் பாய்ச்சியிருக்கிறது. மேட் பரப்பில் அந்த மையால் அழுத்தமான கருப்பைத் தரமுடியாது. நீங்கள் சொன்ன அடுப்புக்கரி நிறம் அதுவேதான்.

எவ்வளவு மை விடுவது, ஹெட் எவ்வளவு உயரத்தில் நகர்வது என்பதையும் மீடியா டைப்தான் தீர்மானிக்கிறது. தாள் நிறுவனம் ப்ரொஃபைலை உருவாக்கும்போது ஒரு குறிப்பிட்ட மீடியா டைப்பில் வண்ணக் கட்டங்களை அச்சிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் அளந்துதான் உருவாக்கியிருக்கும். ப்ரொஃபைலோடு வரும் குறிப்பில் எந்த மீடியா டைப் என்று எழுதியிருப்பார்கள். அதை மாற்றினால் ப்ரொஃபைல் வேறொரு பிரிண்டருக்கு எழுதியதுபோல் ஆகிவிடும். தாள், மை, பிரிண்டர், மீடியா டைப், தரநிலை எல்லாம் சேர்ந்த ஒரே கட்டுக்குத்தான் ஒரு ப்ரொஃபைல்.

அடுத்த அச்சுக்குமுன் நாஸில் செக் (மைத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு) ஒன்று எடுங்கள். சியான் எனும் நீல மையில் இரண்டு கோடு விட்டுப்போனால்கூட மெஜென்டா தூக்கலாகத் தெரியும். அப்புறம், மேட் தாளின் எந்தப் பக்கம் கோட்டிங் என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கோட்டிங் உள்ள தாளில் பின்பக்கம் அச்சிட்டாலும் இதே வெளுப்பு வரும். ஈர விரலால் ஓரத்தைத் தொட்டால் கோட்டிங் உள்ள பக்கம் லேசாக ஒட்டும்.

---

இருட்டறை

தம்பி, மேலே சொன்னதெல்லாம் செய்யுங்கள், நிச்சயம் தேறும். ஆனால் அதற்குப் பிறகும் மேட் தாள் கிளாஸி ஆகாது. அதை இப்போதே தெரிந்துகொண்டால் பின்னால் மனக்கஷ்டம் இருக்காது.

நான் பல வருடம் கெமிக்கல் தட்டில் படம் கழுவியவன். அங்கேயும் இதே கதைதான். ஒரே நெகட்டிவை இரண்டு தாளில் போட்டால் இரண்டு படம் கிடைக்கும்.

கணக்கைப் பார்ப்போம். தாளில் கருப்பின் அழுத்தத்தை டென்சிட்டி என்ற லாகரிதம் அளவில் சொல்வார்கள். 2.0 என்றால் விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. நல்ல கிளாஸி, பரைட்டா தாள்களில் 2.3 பக்கம் எட்டலாம், அதாவது இருநூற்றில் ஒரு பங்கு. மேட்டில் 1.6, 1.7 வந்தாலே நல்ல தாள். 1.6 என்றால் நாற்பதில் ஒரு பங்கு. மானிட்டர்கள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தை எளிதாகத் தொடுகின்றன. ஆயிரம் படிக்கட்டில் ஏறி இறங்கிய படத்தை நாற்பது படிக்கட்டுக்குள் நிற்கவைக்கிறோம். எங்கோ நெரிசல் ஆகத்தான் செய்யும். காகத்தின் வயிற்றில் ஆகிறது.

காரணம் பரப்புதான். வழவழப்பான பரப்பில் விளக்கொளி கண்ணாடிபோல் ஒரே திசையில் தெறித்துப் போய்விடும். நாம் சற்றே கோணம் மாறி நின்றால் கருப்பு, கருப்பாகவே தெரியும். மேட் பரப்பு கரடுமுரடு. அதில் படும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும், எங்கே நின்றாலும் கொஞ்சம் கண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும். காய்ந்த தார்ச்சாலை சாம்பலாகவும் மழை பெய்ததும் கருகருவென்றும் தெரிகிறதே, அது இதற்கு நெருங்கிய சொந்தம். உங்கள் காகம் அவ்வளவு கருப்பாக இருந்ததும் மழையில் நனைந்ததால்தான். நனைந்த ஒரு கருப்பை, எப்போதும் காய்ந்தே இருக்கும் ஒரு பரப்பில் கொண்டுவரப் பார்க்கிறீர்கள். இந்தப் படத்தின் சிக்கலே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

---

மழைக்காகம்

ஐயா, கடைசி வரியைப் படித்ததும் எழுந்துபோய் மூன்று அச்சையும் மறுபடி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கிளாஸியைச் சாய்த்தால் கருப்பு ஆழமாகிறது, இன்னும் சாய்த்தால் விளக்கு அப்படியே அதில் தெரிகிறது. மேட்டை எப்படிச் சாய்த்தாலும் ஒரே மாதிரி. புரிந்தது.

தாள்பித்தன் அண்ணா சொன்னபடி எல்லாவற்றையும் சரிசெய்து நாளை மறுபடி அச்சிடுகிறேன்.

---

நீலமணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வீட்டில் அச்சிடுவதில்லை, லேபுக்குத்தான் அனுப்புகிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

---

சாம்பல்_18

பாதி பொருந்தும். லேப் தன் ப்ரொஃபைலைக் கொடுத்தால் அதை வைத்து நீங்களும் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) பார்க்கலாம். கொடுக்காவிட்டால் எஸ்ஆர்ஜிபிக்கு (பொதுவாகப் பயன்படும் நிற வரம்பு) மாற்றி, ப்ரொஃபைலைக் கோப்போடு சேர்த்தே அனுப்புங்கள். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, அங்கே இருப்பவர் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் நிறமெல்லாம் செத்துப்போய் வரும். எஸ்ஆர்ஜிபி 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தது. பழையதுதான், ஆனாலும் எதுவும் தெரியாத இடத்துக்கு அனுப்ப இன்றும் அதுதான் பத்திரம்.

---

மழைக்காகம்

இரண்டாவது அச்சு வந்துவிட்டது. மானிட்டர் வெளிச்சத்தைத் தாளோடு ஒப்பிட்டுக் குறைத்தேன், முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. படத்தை அதற்கேற்ப லேசாகத் தூக்கினேன். டிரைவரில் நிறத் திருத்தம் ஆஃப். மீடியா டைப் மேட். பிரிண்டர் மேட் பிளாக்குக்கு மாறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

இளஞ்சிவப்பு போயே போய்விட்டது! கழுத்து சுத்தமான சாம்பல். கருப்பும் முதல் அச்சைவிட எவ்வளவோ மேல், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே தாள் என்று நம்பமுடியாது. ஆனால் ஐயா சொன்ன நெரிசல் அப்படியே இருக்கிறது. வயிற்று இறகுகள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இறக்கையின் நீல மினுக்கமும் ஒரே தட்டையான நீலமாகிவிட்டது.

---

தாள்பித்தன்

அருமை. இப்போதுதான் தாளோடு நிஜமாகப் பேசத் தொடங்கியிருக்கிறீர்கள். இதுவரை பேசியதெல்லாம் அமைப்புக் கோளாறு.

ரெண்டரிங் இன்டென்ட் (தாளால் எட்டமுடியாத நிறங்களை எப்படிக் கையாள்வது என்ற அமைப்பு) என்ன வைத்தீர்கள்? பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் டிக் செய்திருக்கிறதா?

---

மழைக்காகம்

ரிலேட்டிவ் கலரிமெட்ரிக். அந்த டிக் இல்லை.

---

தாள்பித்தன்

டிக் செய்யுங்கள். அது இல்லாமல் ரிலேட்டிவில் அச்சிட்டால், தாளின் கருப்பைவிட ஆழமான நிழல் எல்லாம் ஒரே கருப்பாக வெட்டுப்பட்டுவிடும். டிக் செய்தால் படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்தி, இடையில் உள்ள நிழல்களை வரிசை குலையாமல் நெருக்கி உட்காரவைக்கும். அடோபி கொண்டுவந்த முறை இது, 2015இல் ஐஎஸ்ஓ 18619 என்று சர்வதேசத் தரநிலையாகவே ஆக்கிவிட்டார்கள். கிளாஸியில் இந்த வித்தியாசம் சின்னது. மேட்டில் படமே மாறும்.

நீல மினுக்கத்துக்குப் பர்செப்சுவலையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரிலேட்டிவ், தாளால் எட்டமுடிந்த நிறங்களை அப்படியே வைத்து, எட்டாதவற்றை மட்டும் எல்லையில் கொண்டுபோய் ஒட்டவைக்கும். உங்கள் நீலத்தில் நாலு படி இருந்தால் நாலும் ஒரே எல்லையில் போய் ஒட்டும், தட்டையாகத் தெரிவது அதனால்தான். பர்செப்சுவல் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, படிகளுக்கு இடையே உள்ள உறவைக் காப்பாற்றப் பார்க்கும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்லமுடியாது. ப்ரொஃபைலை உருவாக்கியவரின் கணக்கைப் பொறுத்து ஒவ்வொரு தாளுக்கும் மாறும்.

---

சாம்பல்_18

இதை அச்சிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றில்லை, சாஃப்ட் ப்ரூஃபில் இரண்டு இன்டென்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: தாள் நிறத்தைக் காட்டும் டிக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

---

இருட்டறை

அந்த டிக்கைப் போட்டால் திரையே மூடுபனி படர்ந்ததுபோல் ஆகிவிடுகிறதே. எனக்கு அது பிடிப்பதில்லை. அதைப் பார்த்துப் பயந்து காண்ட்ராஸ்ட்டை ஏற்றிவிடுகிறார்கள், அச்சு முரட்டுத்தனமாக வருகிறது. நான் அதைப் போடாமல்தான் பார்க்கிறேன்.

---

சாம்பல்_18

ஐயா, பனி படர்ந்ததுபோல் தெரிவதற்குக் காரணம் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை மெனுவும் பட்டனும் இருப்பதுதான். கண் அந்த வெள்ளையைப் பிடித்துக்கொள்கிறது, தாளின் வெள்ளை அழுக்காகத் தெரிகிறது. திரை முழுக்கப் படம் மட்டும் வருமாறு வைத்து, டிக் போடும் நொடியில் கண்ணை வேறு பக்கம் திருப்பி, கால் நிமிடம் கழித்துப் பாருங்கள். கண் பழகிவிடும். அப்போது தெரிவது அச்சுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும். மேட் தாளுக்கு இந்த டிக் இல்லாத ப்ரூஃப் பாதி உண்மைதான் சொல்லும்.

---

இருட்டறை

கண்ணைத் திருப்பிக்கொள்வது நல்ல யோசனை, செய்து பார்க்கிறேன். ஆனாலும் நிழலின் கடைசிப் படிகளுக்குத் திரையை நான் நம்பமாட்டேன். அதற்குத் தாளில் ஒரு பட்டைதான் வேண்டும்.

தம்பி, ஒரு சின்னத் துண்டு மேட் தாளில் இப்படிச் செய்யுங்கள். கட்டம் கட்டமாக, ஆர்ஜிபி மதிப்பு (0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை) 0, 4, 8, 12 என்று 40 வரை ஏறும் ஒரு பட்டை. அதே ப்ரொஃபைல், அதே அமைப்புகள். அச்சிட்டதும் பார்க்காதீர்கள், ஒரு நாள் காயட்டும். ஈரம் போனபின் நிழல் கொஞ்சம் மாறும். பிறகு படத்தை எங்கே மாட்டப்போகிறீர்களோ அந்த வெளிச்சத்தில் வைத்து, எந்தக் கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டம் தனியாகத் தெரிகிறது என்று பாருங்கள். அந்த எண்தான் இந்தத் தாளில் உங்கள் நிழலின் தரை.

அதற்கப்புறம் படத்தில் வயிற்று இறகுகளின் மதிப்பைப் பாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் அவற்றைக் கர்வில் (மென்பொருளில் வெளிச்ச அளவை மாற்றும் வளைகோடு) தூக்கி மேலே கொண்டுவாருங்கள். கடைசிக் கருப்பை மட்டும் தொடாதீர்கள், அதையும் தூக்கினால் வெளுத்துவிடும்.

---

பருத்திநூல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மேட் தாளில் மட்டுமே அச்சிடுபவள். ஒன்று சொல்லட்டுமா?

எல்லோரும் மேட்டின் கருப்பு கிளாஸியைவிட எவ்வளவு குறைச்சல் என்றே பேசுகிறோம். சுவரில் தனியாக மாட்டிய மேட் அச்சை யாரும் கிளாஸியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கண், எதிரே இருக்கும் படத்தில் மிகக் கருப்பான இடத்தைக் கருப்பு என்றும் தாளின் வெள்ளையை வெள்ளை என்றும் எடுத்துக்கொள்கிறது. அதனால் கருப்பு எவ்வளவு ஆழம் என்பதைவிட, கருப்புக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

காகத்தின் வயிற்றுக்குப் பின்னால் மதில் எவ்வளவு இருட்டு? அதைச் சற்றே தூக்கிப் பாருங்கள், காகம் தானாகக் கருக்கும். இறகு ஓரங்களில் விழும் சின்ன வெளிச்சங்களை மட்டும் பிரஷ்ஷால் கொஞ்சம் கூட்டுங்கள். மொத்தக் காண்ட்ராஸ்ட்டை ஏற்றுவதைவிட இந்தப் பக்கத்துப் பக்கத்துக் காண்ட்ராஸ்ட்தான் மேட்டில் பேசும். ஷார்ப்பனிங்கும் கிளாஸியைவிட ஒரு பிடி கூடுதலாக வேண்டும், மை தாளில் லேசாகப் பரவுகிறது.

அச்சைப் பார்க்கும் விளக்கையும் கவனியுங்கள். மங்கலான மஞ்சள் பல்பின்கீழ் நிழலெல்லாம் மூடிக்கொள்ளும். அச்சுத் துறையில் 5000 கெல்வின் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் வழக்கம், ஐஎஸ்ஓ 3664 அதைத்தான் சொல்கிறது. ஜன்னலோரப் பகல் வெளிச்சம் அதற்கு ஓரளவு கிட்ட வரும். ஆனால் படம் கடைசியில் வரவேற்பறையின் வெதுவெதுப்பான விளக்கின்கீழ்தான் இருக்கப்போகிறது என்றால், கடைசி முடிவை அங்கேயே எடுங்கள்.

---

நீலமணி

அக்கா, என்னிடம் இருக்கும் லஸ்டர் அச்சில் வெள்ளை, பகலில் நீலமாகவும் இரவில் மஞ்சளாகவும் தெரிகிறது. அதுவும் விளக்கால்தானா?

---

பருத்திநூல்

விளக்கும் தாளும் சேர்ந்து. நிறையத் தாள்களில் வெள்ளையைக் கூட்ட ஆப்டிகல் பிரைட்னர் சேர்த்திருப்பார்கள். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். பகல் வெளிச்சத்தில் புற ஊதா உண்டு, பெரும்பாலான எல்இடி விளக்கில் அநேகமாக இல்லை. அதனால் இரவில் தாள் தன் இயல்பான வெள்ளைக்குத் திரும்பிவிடுகிறது. வருடங்கள் போகப்போக அந்த பிரைட்னரும் சோர்ந்துபோகும். நெடுநாள் வைக்கும் படங்களுக்கு நான் பிரைட்னர் இல்லாத தாளைத்தான் எடுக்கிறேன், அதன் வெள்ளை முதல் நாளே கொஞ்சம் மஞ்சள் ஓடிப்போய் இருக்கும், அவ்வளவுதான்.

---

மழைக்காகம்

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

பட்டையை அச்சிட்டுக் காயவைத்து, மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டிப் பார்த்தேன். 12 வரை எல்லாம் ஒன்று. 16இலிருந்து பிரிகிறது. படத்தைத் திறந்து வயிற்று இறகுகளின் மேல் கர்சரை ஓட்டினால் 6, 9, 11. இவ்வளவு நாளும் தாளால் பிரித்துக்காட்டவே முடியாத இடத்தில் இறகுகளை வைத்துவிட்டுத் தாளைக் குறை சொல்லியிருக்கிறேன்.

கர்வில் அவற்றை 18க்கும் 30க்கும் இடையே கொண்டுவந்தேன். கண்ணையும் கால் நகங்களுக்கு இடையே உள்ள நிழலையும் மட்டும் 0இல் விட்டேன். பருத்திநூல் அக்கா சொன்னபடி மதிலைக் கொஞ்சம் தூக்கியதும் பாசியின் பச்சை வெளியே வந்தது, அது அங்கே இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பிளாக் பாயின்ட் டிக் போட்டு ரிலேட்டிவில் ஒன்று, பர்செப்சுவலில் ஒன்று அச்சிட்டேன். இந்தத் தாளுக்குப் பர்செப்சுவல்தான். நீலம் முன்பைவிட அடக்கம், ஆனால் இறக்கையில் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும் அந்த வழுக்கல் திரும்ப வந்துவிட்டது.

இதே கோப்பைக் கிளாஸியிலும் போட்டுப் பார்த்தேன். காகம் சாம்பல் பூசியதுபோல் வந்தது. இப்போது ஒரே படத்துக்கு இரண்டு கோப்பு, பெயரிலேயே தாளின் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. அலகு நுனித் துளியின் வெளிச்சப் புள்ளி தாளின் வெள்ளையோடு கலந்து ஓட்டை விழுந்ததுபோல் இருக்கிறது.

---

இருட்டறை

அந்தப் புள்ளியின் மதிப்பு 255ஆக இருக்கும். அந்த இடத்தில் மையே விழாது, வெறும் தாள்தான் தெரியும். 248, 250 பக்கம் இறக்குங்கள், ஒரு சொட்டு மை விழுந்தாலே போதும். உட்கார்ந்துவிடும்.

---

மழைக்காகம்

249. உட்கார்ந்துவிட்டது ஐயா. இப்போது அது துளியாகத் தெரிகிறது.